தாய் ஆயில் மசாஜ்: அதில் தாய்லாந்து எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு?

பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று எந்த ஊருக்குப் போனாலும் மசாஜ் கடை வாசலில் ஒரு விலைப் பலகை நிற்கும். முதல் வரியில் தாய் மசாஜ், அதற்குக் கீழே கால் மசாஜ், அப்புறம் ஆயில் மசாஜ். ஆயில் மசாஜுக்கு 100, 200 பாட் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே போய்வரலாம் என்றானதும் நம் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக, ஆபீஸ் ஆபீஸாக அங்கே போய் இறங்குகிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்ததும் பலரும் நினைப்பது ஒன்றுதான்: தாய் மசாஜையே எண்ணெய் ஊற்றிச் செய்தால் அது ஆயில் மசாஜ், காசு கூட என்பதால் அதுதான் உசத்தி. சென்னையிலும் கோவையிலும் உள்ள ஸ்பாக்கள் விற்பதும் இதே நினைப்பைத்தான்.

உண்மையில் இரண்டும் வேறு வேறு. ஒன்று பழையது, எண்ணெயே படாதது, தொளதொளப்பான துணியை உடுத்திக்கொண்டு தரையில் போட்ட மெத்தையில் படுத்துச் செய்துகொள்வது. மற்றது சுற்றுலாவும் ஸ்பா வியாபாரமும் சேர்ந்து வளர்த்த கலப்பு. கட்டைவிரல் அழுத்தமும் அதன் வரிசையும் தாய்லாந்துடையவை, நீளமாக நீவிவிடும் கை ஐரோப்பாவிலிருந்து வந்தது. கலப்பு என்பதால் மட்டம் என்று சொல்ல வரவில்லை, சில வேலைகளுக்கு இதுதான் தோதானது. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் உங்கள் இடுப்புக்கு எதைக் கேட்பது, எந்த விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது என்று புரியும்.

முதலில் பழையது. பாங்காக்கில் படுத்த நிலைப் புத்தர் சிலைக்குப் பேர்போன வாட் போ கோயில் இருக்கிறதே, அதைப் புதுப்பித்த மூன்றாம் ராமா மன்னர் (ஆட்சிக்காலம் 1824 முதல் 1851 வரை) அன்றைக்குத் தெரிந்த மருத்துவ அறிவையெல்லாம் கல்லில் பொறித்துச் சுவரில் பதிக்கச் சொன்னார். ஓலையில் இருந்தால் பூச்சி அரிக்கும், குருவிடம் மட்டும் இருந்தால் குருவோடு போய்விடும். கல்லில் இருந்தால் படிக்கத் தெரிந்த யாரும் வந்து படிக்கலாம். அப்படிப் பதித்தவற்றில் மசாஜுக்கென்று 60 பலகைகள் உண்டு. உடம்பின் முன்பக்கத்துக்கு 30, பின்பக்கத்துக்கு 30. மனித உருவம் வரைந்து, கோடுகள் இழுத்து, எந்தப் புள்ளியை அழுத்தினால் எந்த உபாதைக்கு நல்லது என்று குறித்திருப்பார்கள். அதே காலத்தில் உடம்பை வளைத்து முறுக்கி நிற்கும் முனிவர் சிலைகளையும் உலோகத்தில் வார்த்து வைத்தார்கள், அவற்றில் கொஞ்சம்தான் இன்று மிச்சம். வாட் போ கல்வெட்டுகளை யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தக் கோயிலை ஒட்டி 1955இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய தாய் மசாஜ் பாடத்திட்டங்களுக்கெல்லாம் பெரிய ஊற்று.

மசாஜ் இதற்கும் முந்தியது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக 1687இல் சயாமுக்கு (தாய்லாந்தின் பழைய பெயர்) போன சிமோன் த லா லூபேர், அங்கே ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முதல் வேலையாக அதில் கைதேர்ந்த ஆளைக் கூப்பிட்டு உடம்பு முழுவதையும் இளக்கிக்கொள்வார்கள், அந்த ஆள் நோயாளியின் மேல் ஏறி நின்று மிதிப்பார் என்று குறித்து வைத்திருக்கிறார். கர்ப்பிணிகள் கூட வலி குறைவாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று ஒரு குழந்தையை விட்டு மிதிக்கச் சொல்வார்களாம். (இதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

இந்தப் பாரம்பரியத்தின் ஆதிகுருவாகத் தாய்லாந்துக்காரர்கள் வணங்குவது ஜீவகரை. மகத மன்னர் பிம்பிசாரருக்கும் புத்தருக்கும் வைத்தியம் பார்த்தவர் என்று பாலி நூல்கள் சொல்லும் அதே ஜீவகர். பல பள்ளிகளில் இன்றும் காலையில் அவருக்கு ஒரு வணக்கப் பாட்டு சொல்லிவிட்டுத்தான் வகுப்பு தொடங்கும். அவர் நேரில் சயாமுக்கு வந்தாரா, மசாஜ் செய்தாரா என்பதற்கெல்லாம் சான்று கிடையாது. ஆனால் பௌத்தத்தோடு இந்திய மருத்துவ எண்ணங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன என்பதற்குச் சான்று அந்தக் கோடுகளிலேயே இருக்கிறது. உடம்பில் பத்து முக்கியக் கோடுகள் ஓடுகின்றன, அவை வழியாகக் காற்று போகிறது, அது எங்காவது சிக்கிக்கொண்டால் வலி, நோய் என்பது அவர்கள் கணக்கு. பத்தில் முதல் மூன்றின் பெயர் இத்தா, பிங்கலா, சுமனா. நம் சித்தர்கள் பேசும் இடகலை, பிங்கலை, சுழுமுனை. யோகிகள் மூச்சை வைத்துச் செய்ததைத் தாய்லாந்து வைத்தியர்கள் கட்டைவிரலை வைத்துச் செய்யப் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முதுகில் சுரீர் என்றதும் "வாயு பிடிச்சிருக்கு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே குடும்பத்து எண்ணம்தான்.

உடம்பை அறுத்துப் பார்த்தால் அப்படி ஒரு குழாயும் தென்படாது. ஆனாலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் அந்தக் கோடு போகும் தடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், பல இடங்களில் அது இரண்டு தசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்திலேயே போகும். தலைமுறை தலைமுறையாக அழுத்திப் பழகிய கைகள் எங்கே அழுத்தினால் இதமாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டன, விளக்கம் மட்டும் அவரவர் காலத்துக்கு ஏற்றபடி வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த உலர் மசாஜில் இரண்டு வழிகள் உண்டு. அரண்மனை வழியில் வைத்தியர் முழங்காலில் நகர்ந்து வருவார், கையும் கட்டைவிரலும் மட்டும்தான், முழங்கையோ காலோ அரச உடம்பில் படக்கூடாது. ஊர்ப்புற வழியில் எல்லாம் உண்டு: முழங்கை, முழங்கால், பாதம், ஏறி நிற்பது, இழுப்பது, வளைப்பது. சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுத்துப் போடுவது இரண்டாவதைத்தான். 2019 டிசம்பரில் கொலம்பியாவின் பொகோட்டாவில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியதும் இந்தப் பாரம்பரியம்தான், கை, முழங்கை, முழங்கால், பாதம், மூலிகை ஒத்தடம் எல்லாம் சேர்த்து. ஆயில் மசாஜ் போஸ்டரில் யுனெஸ்கோ பெயரைப் போட்டிருந்தால் அது கொஞ்சம் கைவரிசை.

சரி, எண்ணெய் எப்போது வந்தது? தாய்லாந்தில் எண்ணெயே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வடக்கே சியாங் மாய் பக்கத்து லான்னா மக்களிடம் யாம் காங் என்று ஒரு முறை இருக்கிறது. வைத்தியர் பாதத்தை நல்லெண்ணெயிலோ மூலிகைச் சாற்றிலோ தோய்த்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கலப்பைக் கொழுவின் மேல் ஒரு கணம் வைத்து எடுத்து, அந்தச் சூட்டோடு நோயாளியின் இடுப்பை மிதிப்பார். பார்க்கிறவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். ஆனால் இன்றைக்கு ஸ்பா மேசையில் நடக்கும் ஆயில் மசாஜ் இதிலிருந்து வளர்ந்தது அல்ல. அதன் நீவலும் பிசைதலும் ஐரோப்பிய மசாஜ். உலகம் அதை ஸ்வீடிஷ் மசாஜ் என்கிறது, ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங் என்பவர் கண்டுபிடித்தது என்றும் எழுதுகிறது, ஆனால் நீவல், பிசைதல், தட்டல் என்று அசைவுகளைப் பிரித்துப் பிரெஞ்சுப் பெயர் வைத்து ஒழுங்குபடுத்தியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது யோஹான் கியோர்க் மெட்ஸ்கர் (1838 - 1909) என்ற டச்சு மருத்துவரை. தரையில் படுத்து இழுபட விரும்பாத, வீட்டில் பழகிய வழவழப்பான மசாஜையே எதிர்பார்த்து வந்த வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஹோட்டல்களும் ஸ்பாக்களும் இதைத் தாய்லாந்துக் கையோடு கலந்தன.

எப்படிக் கலந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் எண்ணெய் பட்டதும் நுட்பமே மாறியாக வேண்டும். உலர் மசாஜில் எல்லாமே பிடிமானத்தை நம்பி இருக்கிறது. வைத்தியர் கையை நேராக நீட்டி, தோளிலிருந்து தன் உடல் எடையைச் சாய்த்து ஒரு புள்ளியில் இறக்குவார். தசைபலத்தால் அழுத்துவது இல்லை, அப்படி அழுத்தினால் இரண்டு வருடத்தில் கட்டைவிரல் போய்விடும். துணி இருப்பதால் விரல் அதே இடத்தில் நிற்கும். சில நொடி நிறுத்தி, மெல்ல எடுத்து, ஒரு கட்டைவிரல் தூரம் நகர்ந்து மறுபடி. எண்ணெய் தடவிய முதுகில் அதே எடையை இறக்கினால் விரல் வழுக்கி விலா எலும்பில் போய் இடிக்கும். ஆளின் கணுக்காலைப் பிடித்து இழுத்து நீட்டலாம் என்றால் கை நழுவும். மேலே ஏறி நிற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே எண்ணெய் வந்ததும் இழுத்து வளைப்பது பெரும்பாலும் போய்விட்டது, பாதமும் முழங்காலும் போய்விட்டன, மிஞ்சியது கட்டைவிரல், உள்ளங்கை, முன்கை. ஒரு புள்ளியில் நிறுத்தி அழுத்துவது அதே கோட்டில் மெதுவாக வழுக்கிக்கொண்டே அழுத்துவதாக மாறியது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து தோள்வரை இரண்டு கட்டைவிரலும் ஒன்றின் பின் ஒன்றாக ஏறிப்போவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அந்தத் தடம் வாட் போ பலகையில் உள்ளது, வழுக்கல் ஐரோப்பாவுடையது.

வரிசையும் மாறியிருக்கிறது. பழைய முறையில் மல்லாக்கப் படுக்க வைத்து, பாதத்தில் தொடங்கி, பாதி நேரத்துக்கும் மேல் காலிலேயே போகும். "முதுகுவலி என்றுதானே சொன்னேன், ஏன் காலையே பிடித்துக்கொண்டிருக்கிறார்" என்று புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது உண்டு. ஆயில் மசாஜில் குப்புறப் படுக்க வைத்து முதுகிலோ காலிலோ தொடங்குவார்கள். பொதுவாக நடப்பது இப்படி: முதலில் கால் கழுவிவிடுவார்கள். அறையில் உடை மாற்றிக்கொண்டு, அவர்கள் தரும் ஒருமுறை பயன்படுத்தும் உள்ளாடையோடு படுத்தால் மேலே துண்டு போர்த்துவார்கள், எந்த இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த இடம் மட்டும் துண்டுக்கு வெளியே இருக்கும். எண்ணெய் போடும் முன்னால் துண்டின் மேலேயே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு போவார்கள், அது உடம்பு எங்கே இறுகியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. பிறகு எண்ணெயைத் தன் கையில் ஊற்றிச் சூடுபண்ணிக்கொண்டு நீளமாக நீவுவார்கள், பாதத்திலிருந்து தொடைக்கு, கையிலிருந்து தோளுக்கு, இதயத்தை நோக்கி. உடம்பு இளகியதும் பிசைதல், தோளிலும் பிட்டத்திலும் சப்பாத்தி மாவைப் பிசைகிற மாதிரிதான். அதற்கப்புறம் கட்டைவிரலும் முன்கையும் கோடுகளில் ஆழமாக இறங்கும். கடைசியில் தலை, கழுத்து, தோள். நல்ல கைக்காரர் ஒரு கையை எடுக்கும்போது இன்னொரு கை உடம்பில் இருக்கும், தொடர்பு அறுபடவே அறுபடாது. இது ஒன்றை வைத்தே பழகிய கையையும் புதுக் கையையும் பிரித்துவிடலாம்.

நம் சித்த மருத்துவத்திலும் தொக்கணம் என்ற பெயரில் மசாஜ் உண்டு, அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். தாய்லாந்தின் உலர் முறையை முழுதாக ஒருமுறை செய்துகொண்டு வந்தால் இந்த ஒன்பதில் பெரும்பாலானவற்றை உங்கள் உடம்பு எண்ணிக் காட்டிவிடும். ஆயில் மசாஜில் பிடித்தலும் அழுத்தலும் தட்டலும்தான் முக்கியமாகத் தேறும்.

எண்ணெய் விஷயத்தில் கடைகள் பெரிய ரகசியம் போலப் பேசும், அவ்வளவு ஒன்றும் இல்லை. அடிப்படை எண்ணெய் தேங்காய், தவிடு, பாதாம், ஜோஜோபா, எள் இவற்றில் ஒன்றோ இரண்டோ. அதன் வேலை உராய்வைக் குறைப்பது. சீக்கிரம் உறிஞ்சப்பட்டால் அடிக்கடி ஊற்ற வேண்டும், ரொம்பக் கொழகொழவென்று இருந்தால் விரலுக்குத் தசை தெரியாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால் ஏசியைத் தாராளமாகப் போட்ட அறையில் அது சரிப்படாது, ஸ்பாக்கள் உறையாதபடி பதப்படுத்தியதை வாங்குவார்கள் அல்லது வேறு எண்ணெயோடு கலப்பார்கள். வாசனைக்கு எலுமிச்சைப்புல், மல்லிகை, லாவெண்டர். இந்த வாசனை எண்ணெய்களை நேராகத் தோலில் தடவுவது இல்லை, அடிப்படை எண்ணெயில் 1 முதல் 3 சதவீதம் கலந்தால் போதும். மிஞ்சினால் தோல் எரியும். பாதாம் பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

உண்மையிலேயே தாய்லாந்துடையது என்று நான் கைகாட்டுவது பிளாய் என்ற கிழங்கை. இஞ்சி மஞ்சள் குடும்பம், உடைத்தால் வெளிர் மஞ்சளாக இருக்கும், அதன் எண்ணெயைத் தசைவலிக்கும் சுளுக்குக்கும் தடவுவார்கள். தாய்லாந்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மூலிகைப் பிரிவில் பிளாய்க் கிரீம் இடம்பெற்றிருக்கிறது, ஆகவே இது வெறும் ஸ்பா அலங்காரம் இல்லை. இதே கிழங்கோடு மஞ்சள், எலுமிச்சைப்புல், புளிய இலை, கற்பூரம், உப்பு எல்லாம் சேர்த்துத் துணியில் கட்டி ஆவியில் வைத்து உடம்பில் ஒற்றி எடுப்பது லுக் பிரகோப். நாம் ஒத்தடம், கிழி என்போம். அதில் சேரும் இலைகளில் ஒன்று நம் சீயக்காய்ச் செடியின் இலை. பலகையில் ஆயில் மசாஜோடு மூலிகை ஒத்தடமும் சேர்த்து ஒரு விலை போட்டிருந்தால், வாசனை எண்ணெயை மாற்றுவதற்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட அதற்குக் கொடுங்கள் என்பேன். சூடு தசையை இளக்கும், அதற்கு எந்தத் தத்துவமும் வேண்டியதில்லை.

இனி பலன். இங்கேதான் பேச்சு நீளும், உண்மை கொஞ்சம்.

தாய் ஆயில் மசாஜ் என்ற பெயரிலேயே செய்த பெரிய ஆய்வுகளைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் அதன் பாதி ஐரோப்பிய மசாஜ் என்பதால் அந்த ஆய்வுகள் இதற்கும் ஓரளவு பொருந்தும். 2011இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இலகுவான, முழு உடம்பு மசாஜ். இன்னொன்றுக்கு வலி இருக்கும் தசையையும் இணைப்புத் திசுவையும் குறிபார்த்துச் செய்யும் மசாஜ். மூன்றாவதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாரம் ஒன்று வீதம் 10 வாரம். முடிவில் மசாஜ் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வலி ஏறக்குறைய போய்விட்டது அல்லது மிகவும் குறைந்தது என்றார்கள், வழக்கமான சிகிச்சைக் குழுவில் அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதம். சுவாரசியம் என்னவென்றால் குறிபார்த்துச் செய்ததும் சும்மா இதமாகச் செய்ததும் கிட்டத்தட்ட சமமாகவே வேலை செய்தன. "எலும்பு நொறுங்குகிற மாதிரி அமுக்கினால்தான் குணமாகும்" என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்கு இது நல்ல பதில். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015இல் இடுப்புவலி மசாஜ் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு, குறுகிய காலத்துக்கு நிவாரணம் தெரிகிறது, ஆனால் சான்றுகளின் தரம் போதாது என்று கையை விரித்தது. மசாஜில் போலிச் சிகிச்சை கொடுத்து ஒப்பிடுவதே கஷ்டம், தொடுகிறார்களா இல்லையா என்று படுத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

மனசு இலகுவாவது இன்னும் உறுதியான பலன். 37 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வந்த ஒரு பகுப்பாய்வில், ஒரே ஒரு மசாஜ் அந்த நேரத்துப் பதற்றத்தையும் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் குறைக்கிறது, பலமுறை செய்துகொண்டால் தொடர்ந்த பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன என்று வந்தது. எப்படி என்பதற்கு ஒரு பகுதி விளக்கம் தோலிலேயே இருக்கிறது. முடி உள்ள தோலில் சி-டாக்டைல் என்ற ஒருவகை நரம்பிழைகள் உண்டு, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடினால்தான் அவை நன்றாக விழிக்கும், விழித்தால் மூளைக்கு இதம் என்ற செய்தி போகும். எண்ணெய்க் கையின் நீளமான நீவல் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் போகிறது. உலர் மசாஜின் அழுத்தி எடுக்கும் கைக்கு இது வாய்ப்பதில்லை. ஆக, நல்லாத் தூங்க வேண்டும், தலை கொஞ்சம் அடங்க வேண்டும் என்று போகிறவருக்கு ஆயில் சரியான தேர்வு. அழுத்தம் ஏன் வலியைக் குறைக்கிறது என்பதற்கு 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த வாயில் கோட்பாடு இன்றும் கைகொடுக்கிறது: தொடுகையும் அழுத்தமும் தண்டுவடத்துக்குப் போகும்போது வலிச் செய்தி மேலே போகும் வழியைக் கொஞ்சம் அடைத்துவிடுகின்றன. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்ப்பது அதனால்தான்.

மிகைப்படுத்தியவை நிறைய. மசாஜ் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்பது முதல் கதை. 2012இல் ஒரு ஆய்வில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு காலிலிருந்தும் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அழற்சிக்கான சமிக்ஞைகள்தான் மசாஜ் செய்த காலில் குறைந்திருந்தன. ஆக, பலன் உண்டு, காரணம்தான் வேறு. கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மளமளவென்று இறங்கும் என்பது இரண்டாவது கதை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தபோது அந்த இறக்கம் மிகச் சிறியது, பல சமயம் இல்லவே இல்லை என்று தெரிந்தது. நச்சு நீக்கம், தொப்பை கரைதல் பற்றிக் கேட்டால், கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் இல்லாமல் பார்க்கிற வேலைக்குக் கடைக்காரர் பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும் என்பதைக் கடைகள் சின்ன எழுத்தில் போடும், பல சமயம் போடாது. காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத காயம், புது எலும்பு முறிவு இருந்தால் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்துச் சூடாக இருந்தால் அது இரத்தக் குழாயில் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அதை நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட விமானப் பயணம் முடிந்து இறங்கியவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் வைக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்ந்த பெரியவர்கள், சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அழுத்தத்தை லேசாகக் கேட்க வேண்டும், முடிந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கர்ப்பிணிகள் அதற்கென்றே பயின்றவரிடம் மட்டும். தொடை இடுக்கில் தமனியை அழுத்திப் பிடித்து விடுகிற "காற்றுக் கதவைத் திறப்பது" என்ற ஒரு நுட்பம் பழைய முறையில் உண்டு, இதய நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு அது கூடாது. கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடக்கு எடுக்க வந்தால் யாராக இருந்தாலும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கழுத்தில் ஓடும் தமனி கிழிவது அரிது, ஆனால் கிழிந்தால் பக்கவாதம்.

கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது? தாய்லாந்தில் 2016ஆம் ஆண்டுச் சுகாதார நிலையச் சட்டத்தின்படி ஸ்பாவும் உடல்நல மசாஜ் கடையும் உரிமம் பெற வேண்டும், வேலை செய்பவரும் பயிற்சி முடித்துப் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அடிப்படைப் பயிற்சி 150 மணிநேரம் என்பது பொதுவான அளவு. வெளிநாட்டவர் வாட் போவில் அஞ்சாறு நாளில் முடிப்பது 30 மணிநேர வகுப்பு, அந்தச் சான்றிதழை நம் ஊர் ஸ்பா ஒன்று ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தால் பொய் இல்லை, ஆனால் அது தொடக்கப் பாடம். சியாங் மாயில் பெண்கள் சிறையில் தண்டனை முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மசாஜ் பயிற்சி கொடுத்து, சிறையின் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே பொதுமக்களுக்குச் செய்ய வைக்கிறார்கள், வெளியே வந்தபிறகு அதுவே அவர்களுக்குப் பிழைப்பாகிறது. அங்கே கை சுத்தமாக இருக்கும், பேரமும் இல்லை.

அந்த "இன்னொரு" விஷயத்தையும் பேசாமல் போக முடியாது. தாய்லாந்தில் குளியலோடு சேர்ந்த பாலியல் கேளிக்கை நிலையங்கள் 1966ஆம் ஆண்டுக் கேளிக்கை நிலையச் சட்டத்தின் கீழ் தனி உரிமம் வாங்கி மசாஜ் என்ற பெயரிலேயே நடந்தன, வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்து குவிந்தபோது அந்தத் தொழில் பெருத்தது. கெட்ட பெயர் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது, உலர் மசாஜைவிட உடை களையும் ஆயில் மசாஜுக்குக் கூடுதலாக. ஒரு வேலைக்காரப் பெண்மணி நாள் முழுக்க ஏழெட்டுப் பேர் முதுகை அமுக்கிக் கட்டைவிரல் வீங்கி உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் போய்ச் சிரித்துக்கொண்டே கண்ணடிக்கிற நம் ஆட்களைப் பற்றி என்ன சொல்வது. வெளியே கண்ணாடிக் கதவு, உள்ளே வரிசையாக மெத்தை, சுவரில் உரிமம், எழுதிய விலை, இவை இருக்கும் கடை மசாஜ் கடை. விலை எழுதாமல் ஆளை எழுப்பி வரிசையில் நிறுத்தினால் அது வேறு கடை.

படுத்த பிறகு பேசுங்கள். லேசாக அழுத்த வேண்டும் என்றால் "பாவ் பாவ்", வலித்தால் "ஜெப்". பல்லைக் கடித்துத் தாங்கினால் தசை இன்னும் இறுகும், காசுக்குக் கேடு. தோளும் கழுத்தும் இறுகி, மனசு ஓய்வில்லாமல் இருந்தால் ஆயில். உட்கார்ந்தே வேலை செய்து இடுப்பும் தொடையும் விறைத்துப் போயிருந்தால் எண்ணெய் இல்லாத பழைய முறையே மேல், இழுத்து நீட்டுவது அதில்தான் இருக்கிறது, விலையும் குறைவு. மறுநாள் லேசாக உடம்பு வலிப்பது சகஜம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மரத்துப்போதல், கை கால் பலவீனம், கடுமையான தலைவலி என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம். சாப்பிட்ட உடனே போகாதீர்கள், குடித்துவிட்டும் வேண்டாம். முடிந்ததும் 50 அல்லது 100 பாட் அவர் கையிலேயே கொடுங்கள், கல்லாவில் வேண்டாம். எண்ணெயை உடனே சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும் என்று எதுவும் கிடையாது, துண்டால் துடைத்துக்கொண்டு கிளம்பலாம். அங்கேயே குளிப்பதாக இருந்தால் தரை வழுக்கும், பார்த்து.